ஒலிபெருக்கிக் கம்பத்துப் பருந்து

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் ரேடியோ. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி மேலாளர் முதல் பன் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ரேடியோ அக்காதான். காலை முறை அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது எல்லாம் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியவரும். நடைமேடைகளின் நடுவே நிற்கும் கம்பத்தில் நாலு பக்கமும் பார்த்தபடி நாலு ஒலிபெருக்கி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காய்கறிச் சந்தைக்காரர்கள் கூட அவள் குரலைக் கேட்டுத்தான் கடை திறப்பார்கள்.

சரி, மைக்கில் பேசுவது வேலை. மைக்கை அணைத்த பிறகாவது அந்த வாய் ஓயுமா என்றால், அதுதான் கிடையாது. அறிவிப்பு அறை ஒரு பீரோவை விடக் கொஞ்சம் பெரிசு, மூன்று பக்கமும் கண்ணாடி. அதற்குள் நாற்காலி ஒன்று போட்டிருந்தும் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டு பேசுவாள், நடந்துகொண்டு பேசுவாள், கதவைத் திறந்து தலையை நீட்டிப் போகிற வருகிறவர்களோடு பேசுவாள். வீட்டுக்குப் போனால் புருஷனோடு. பாவம், அந்த மனுஷன் பிரிட்ஜ் மெக்கானிக். ஒரு நாள் முழுக்க அவர் பேசுவதைச் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவள் பேச, அவர் "ம்" கொட்ட, குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மகள் கல்யாணம் ஆகி வேறு ஊர் போன பிறகு அந்த "ம்" மட்டும் அவளுக்குப் போதவில்லை.

பறவைக் குழுவில் அவள் சேர்ந்ததும் இந்த வாயால்தான். ஒரு நாள் காலில் நூல் சுற்றிய புறா ஒன்று அறிவிப்பு அறைக்குள் புகுந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டு கிடந்தது. இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்தான் ஓடியது. "பறவை வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்" என்று மைக்கில் போட்டுவிட்டாள். நிலையமே சிரித்தது. ஆனால் மூன்றாம் நடைமேடையில் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு சின்ன வயசுப் பெண் எழுந்து வந்து, கைப்பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து, நூலை நறுக்கி எடுத்தாள். கால்நடை மருத்துவர். போகும்போது, "நாங்க சில பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமைல இதுதான் பண்றோம். வர்றீங்களாக்கா?" என்று கேட்டாள். கேட்டிருக்கவே வேண்டாம், இவள் அதற்குள் விலாசம் கேட்டுவிட்டாள்.

குழு என்றால் பெரிய கூட்டமில்லை. டாக்டரம்மா, சலூன் வைத்திருக்கும் தம்பி ஒருவன், பள்ளி வேன் ஓட்டுபவர், இன்னும் வருவதும் போவதுமாக நாலைந்து பேர். சம்பளம் கிடையாது, பறவைகளிடம் வாங்கும் கொத்து மட்டும் உண்டு. கூட்டிலிருந்து விழுந்தது, கம்பியில் மாட்டியது, பூனை வாயிலிருந்து பிடுங்கியது என்று எதையாவது அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு அலைவார்கள். ரேடியோவுக்கு அந்த அலைச்சல் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் இருப்புக் கொள்ளாதவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அப்போதுதான் பருந்துக் குஞ்சு வந்தது. தண்ணீர்த் தொட்டியை இடிக்கும்போது கூட்டோடு விழுந்தது. உடம்பெல்லாம் அழுக்குப் பஞ்சு, அதில் இரண்டு கோபக் கண். வழக்கமாகக் குஞ்சு வளர்க்கும் வேன்காரர் வீட்டில் அன்றைக்குத்தான் அவர் மனைவிக்குப் பிரசவம். மிச்சம் இருந்தவர்களில் மொட்டைமாடி இருந்தது ரேடியோவுக்கு மட்டும். டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்களால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"ஏன், ஊசி நூல் வச்சுத் தச்சு விட்டுடுங்களேன்!"

"சிரிக்கிற விஷயம் இல்லக்கா. மனுஷன்னா சாப்பாடுன்னு அதுக்குத் தோணிடுச்சுன்னா போச்சு. நாளைக்குத் தெருவுல போற குழந்தை கையில இருக்கறதப் பறிக்கும். ஜனங்க கல்லால அடிப்பாங்க. இல்லன்னா புடிச்சுக் கூண்டுல போட்டு, சாகுற வரைக்கும் அங்கேயே வச்சிருப்பாங்க. அது உங்க முகத்தைப் பாக்கக் கூடாது, உங்க குரலைக் கேக்கக் கூடாது. மூடிக்கிட்டுப் போங்க, இடுக்கியால ஊட்டுங்க, வந்துடுங்க. அவ்வளவுதான்."

"சத்தியமா பேச மாட்டேன், டாக்டரம்மா" என்றாள் ரேடியோ. சொல்லும்போது மனதார நம்பித்தான் சொன்னாள்.

புருஷன் பிரிட்ஜ் வந்த மரச்சட்டங்களை வைத்து மாடியில் ஒரு கூண்டு அடித்துக் கொடுத்தார். இவள் பழைய சாம்பல் நிறப் போர்வையைத் தைத்து, தலையோடு கால் மூடும் அங்கியாக்கி, கண் இருக்கும் இடத்தில் வலைத்துணி வைத்துக்கொண்டாள். அதை மாட்டிக்கொண்டு படியேறியவளைப் பார்த்து அவர், "யார் வீட்டுக்குத் திருடப் போற?" என்றார். அந்த வாரம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

முதல் நாள் குஞ்சு வாயைத் திறக்கவில்லை. இடுக்கியில் இறைச்சித் துண்டை நீட்டினால் பின்னால் போய் மூலையில் ஒண்டிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. டாக்டரம்மாவுக்கு போன் போட்டால், "பசிச்சா தானா தின்னும், விட்டுடுங்க" என்றாள். விட்டுவிடுவதா? ரேடியோ கீழே போனாள், மேலே வந்தாள், மறுபடி கீழே போனாள். குஞ்சின் தலை தொங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் மறுபடி இடுக்கியை நீட்டியபோது, தன்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சாப்பிடுடா ராசா."

அவ்வளவு மெல்லிய குரலில் அவள் ஆயுசில் பேசியதில்லை. குஞ்சு தலையைத் தூக்கியது. போர்வைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை ஒருக்களித்துப் பார்த்தது. பிறகு வாயை ஆவென்று திறந்தது. துண்டு உள்ளே போனது. "அப்படித்தான், என் ராசா, இன்னொண்ணு" என்றாள். அதுவும் போனது. போர்வைக்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம் என்ன, அணை உடைந்த மாதிரிதான். பேசாமல் நீட்டினால் அது தின்னாது, பேசினால் தின்னும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டாள். மேலாளர் விடுப்புத் தராதது, மகள் போன் எடுத்ததும் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுவது, முழங்கால் வலி, எல்லாமே அந்தக் குஞ்சுக்குத் தெரியும். புருஷன் மாதிரி "ம்" கூடக் கொட்டாமல், கண் கொட்டாமல் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டரம்மா வந்து எடை பார்த்துவிட்டு, "பரவாயில்லையேக்கா, வாயை மூடிக்கிட்டே இவ்ளோ நல்லா வளத்திருக்கீங்க!" என்று தட்டிக்கொடுத்தபோது, வாயாடி, இறைச்சித் தட்டைக் கழுவும் சாக்கில் படியிறங்கிவிட்டாள்.

பஞ்சு உதிர்ந்து சிறகு வந்தது. பெரிய கூண்டுக்கு மாற்றினார்கள், பறந்து பழகியது. திறந்துவிடும் முன் ஒரு பரீட்சை உண்டு. முகம் தெரிய ஒருவர் கையில் இறைச்சியோடு கூண்டுக்குள் போய் நிற்க வேண்டும். பறவை பயந்து விலகினால் தேறியது, கைக்கு வந்தால் தோற்றது. சலூன்காரத் தம்பி போய் நின்றான். பருந்து அலறிக்கொண்டு எதிர் மூலைக்குப் பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அது முகத்துக்கு வைத்த பரீட்சை. குரலுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. ஏன் வைப்பார்கள்? அதனிடம்தான் யாரும் பேசவே இல்லையே! ரேடியோ கூட்டத்தின் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தேறிவிட்டது, தேறிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கூண்டைத் திறந்ததும் அது மாடிச்சுவரில் ஒரு கணம் உட்கார்ந்து, எழும்பி, கூரைகளுக்கு மேல் போய்விட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. தின்றதா, மற்றப் பருந்துகள் விரட்டினவா, மழைக்கு எங்கே ஒதுங்கியது? அறிவிப்புக்கு நடுவே கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துப் பார்த்து, ஐந்தாம் நடைமேடைக்குப் போக வேண்டிய துறைமுக வண்டியை ஏழாம் நடைமேடைக்கு அனுப்பிவிட, ஒரு கும்பலே மூட்டை முடிச்சோடு அங்கும் இங்கும் ஓடியது. மேலாளர் வந்து கத்திவிட்டுப் போனார்.

பிறகு ஒரு காலையில், "விமான நிலையம் செல்லும் வண்டி இரண்டாம் நடைமேடையில்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கம்பத்தின் உச்சியில் எதுவோ வந்து இறங்கியது. வால் நடுவில் லேசாகப் பிளந்த பழுப்புப் பறவை. ஒலிபெருக்கியின் மேல் உட்கார்ந்து, குனிந்து, தலையை ஒருக்களித்து அதன் வாய்க்குள் பார்த்தது.

ராசா!

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சொல்ல வேண்டிய அறிவிப்பை இரண்டு தடவை சொன்னாள். சொல்ல வேண்டாததையும் சொன்னாள். குப்பையைத் தொட்டியில் போடவும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும், குடையை மறக்க வேண்டாம் என்று வெயில் நாளில் சொன்னாள். அவள் பேசப் பேசப் பறவை நகரவே இல்லை. முறை முடிந்து மாலை முறை ஆள் மைக்கைப் பிடித்ததும் எழுந்து போய்விட்டது. மறுநாள் அவள் தொண்டையைக் கனைத்ததும் வந்துவிட்டது. தன் குரலுக்காக ஒருவர் தேடி வருவது அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதைப் பார்க்காமல் விட்டாள்.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. நாலாம் நடைமேடையில் ஒரு சின்னப் பெண் பன்னைக் கடிக்கப் போன நேரம், கம்பத்திலிருந்து பழுப்பாக ஒன்று சரிந்து வந்து பறித்துக்கொண்டு போனது. குழந்தையின் விரலில் நகம் கீறி ரத்தம். தாய் போட்ட சத்தத்தில் ஓட்டுநர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். பன் கடைக்காரர் அறிவிப்பு அறைக் கதவைத் தட்டினார்.

"ரேடியோக்கா, உங்க பறவைக்காரங்களுக்குச் சொல்லுங்க. இன்னொரு தடவை வந்தா நான் கவண்ல கல்லை வச்சு அடிச்சுடுவேன். யாவாரம் படுத்துடும்."

மேலாளர் அதற்குள் உயிரியல் பூங்காவுக்கு போன் போட்டுவிட்டார். சனிக்கிழமை வலையோடு வருகிறார்களாம். மனிதர்களிடம் பழகிய பறவையை அவர்கள் மறுபடி திறந்துவிட மாட்டார்கள். அங்கே ஓர் அறை இருக்கிறது, கம்பி போட்டது, உட்கார ஒரு கட்டை, கீழே சிமெண்டுத் தரை. அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மாவும் சலூன்காரத் தம்பியும் ஓடி வந்தார்கள். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டாள். "பரீட்சையில தேறுன பறவை. ஆளைப் பாத்தா பயப்படுது. அப்புறம் எப்படி இந்தக் கூட்டத்துக்குள்ள வருது? இந்தக் கம்பத்துல அப்படி என்னதான் இருக்கு?"

ரேடியோ இருவரையும் அறிவிப்பு அறைக்குள் இழுத்தாள். கதவைச் சாத்தினாள். மைக் அணைந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நான்தான் இருக்கேன், டாக்டரம்மா. நான் அதுகிட்ட பேசினேன். தினமும் பேசினேன்."

சலூன்காரத் தம்பி, "போச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். டாக்டரம்மா கண்ணாடி வழியாகக் கம்பத்தை மறுபடி பார்த்தாள். பிறகு, "ஊர்லயே பெரிய வாய் உங்களுக்கு. அந்த வாயை நாலு ஒலிபெருக்கியில கட்டி வேற வச்சிருக்காங்க. உங்ககிட்ட கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றாள். ரேடியோவுக்கு, திட்டட்டும், இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று இருந்தது.

"நான் வேலையை விட்டுடறேன். என் குரல் கேக்கலன்னா வராதுல்ல?"

"விட்டு? பால்கனியில நின்னு பக்கத்து வீட்டுக்காரிகூடப் பேசினா அங்க வரும். அக்கா, அதுக்கு உங்க குரல் பிடிச்சுப் போச்சு. அது பிடிக்காமப் போகணும். வேற வழி கிடையாது. அதை நீங்கதான் செய்யணும்." டாக்டரம்மா மைக்கைப் பார்த்தாள். "என்ன சொல்லி ஊட்டுனீங்க?"

அவள் சொன்னாள்.

"அதையேதான் மைக்குல சொல்லப் போறீங்க."

பேருந்து கழுவும் இடத்திலிருந்து நீளக் குழாயை இழுத்து வந்தார்கள். சலூன்காரத் தம்பி நடைமேடைக் கூரைமேல் குழாயோடு படுத்துக்கொண்டான். வேன்காரரும் டாக்டரம்மாவும் தகரத்தட்டும் கட்டையுமாகக் கம்பத்தடியில் ஒளிந்தார்கள். மேலாளர், "சனிக்கிழமை வரைக்கும்தான்" என்று விரலை ஆட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க முதல் ஆளாக வந்து நின்றார்.

ரேடியோ மைக்கைப் போட்டாள். கம்பத்தில் அது உட்கார்ந்திருந்தது.

"சாப்பிடுடா ராசா."

நாலு திசையிலும் கேட்டது. பெஞ்சில் பன்னும் கையுமாக இருந்த ஒரு பெரியவர் அண்ணாந்து, "எனக்கா சொல்றீங்க?" என்றார். நிலையம் கொல்லென்று சிரித்தது. பருந்து சிரிக்கவில்லை. அந்த வார்த்தைக்குத்தான் அது இத்தனை நாளும் அலைந்திருக்கிறது போல. ஒலிபெருக்கிக்கு நேரே இறங்கி வந்து, சிறகைத் தளர்த்தி, குஞ்சாக இருந்தபோது திறந்த மாதிரியே வாயைத் திறந்தது.

தண்ணீர் அதன் மார்பில் போய் அறைந்தது. தகரம் அதிர்ந்தது. பறவை நிலைகுலைந்து, புரண்டு, டிக்கெட் கவுண்டர் கூரையில் போய் விழுந்தது. சிறகெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி உருவமாகத் தெரிந்தது. மூச்சு இரைத்தது. கண்ணாடிக்குள் ரேடியோ வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா கீழே இருந்து, இன்னொரு தடவை என்று கையைக் காட்டினாள்.

இன்னொரு தடவை சொன்னாள். அது மறுபடி வந்தது. மறுபடி அடி. அதற்கப்புறமும் வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வராதடா, அறிவு கெட்டதே, வராத!" என்று மைக் போட்டிருப்பதை மறந்து கத்தினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பன் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, தானும் ஒரு தட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் போய் அவள் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கல்யாணம் ஆன நாளாகக் கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று ஏங்கியிருக்கக்கூடிய மனுஷன், அன்றைக்குக் கிடைத்த அமைதியில் பயந்துபோனார். "ஏதாவது பேசேன்" என்றார். பிறகு, "திட்டவாவது திட்டேன்" என்றார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அது என்னை நம்பி வருதுங்க. நான் கூப்பிட்டு அடி வாங்க வைக்கிறேன்."

"ம்" என்றார் அவர். அன்றைக்கு அந்த "ம்" போதுமாக இருந்தது.

மறுநாள் அது தாமதமாக வந்தது. அடுத்த நாள் கம்பத்துக்கு வராமல் சந்தைக் கூரையில் உட்கார்ந்து பார்த்தது. வெள்ளிக்கிழமை மேகமூட்டமாக இருந்தது. அது கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்குவதா வேண்டாமா என்பதுபோல் உச்சியில் கால் வைத்தது. டாக்டரம்மா குழாயை மூடச் சொன்னாள். தகரத்தைக் கீழே வைக்கச் சொன்னாள். இது குரலுக்கான பரீட்சை.

"வெறுமனே சொல்லுங்கக்கா. நல்லாச் சொல்லுங்க. ஊட்டும்போது எப்படிச் சொன்னீங்களோ அப்படி."

ஏமாற்றலாம். குரலை மாற்றி, கரகரப்பாகச் சொல்லலாம். அது ஓடிவிடும், எல்லோரும் தேறியது என்பார்கள், நாளைக்கு இன்னொரு குழந்தையின் விரல். ரேடியோ கண்ணை மூடி மாடியை நினைத்துக்கொண்டாள். போர்வை, இடுக்கி, அழுக்குப் பஞ்சு. அன்றைக்கு வந்த அதே குரல் வந்தது.

"சாப்பிடுடா ராசா. என் ராசா, இன்னொண்ணு."

கண்ணைத் திறந்தபோது கம்பத்தில் எதுவும் இல்லை. பருந்து சந்தையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் அடித்துப் பிடித்துப் பறந்துகொண்டிருந்தது. கீழே தட்டுத் தட்டியவர்கள் எல்லாம் இப்போது கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டிக்கொண்டே, நெஞ்சைக் கசக்கிப் பிழிந்த மாதிரி ஒரு அழுகை அழுதாள். வலைக்காரர்கள் சனிக்கிழமை வந்து, டீ குடித்துவிட்டு, வெறும் கையோடு திரும்பினார்கள்.

டாக்டரம்மா அதற்கப்புறமும் அவளைக் குழுவை விட்டு நீக்கவில்லை. ஆனால் குஞ்சு தருவதில்லை. அணில், ஆமை, அடிபட்ட நாய் என்று பேச்சுக் கேட்டால் கெட்டுப்போகாத பிராணிகளாகப் பார்த்துத் தருகிறாள். வாயும் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. புருஷன் நிம்மதியாகக் காதைப் பொத்திக்கொள்கிறார்.

வெயில் ஏறும் நேரத்தில் நிலையத்துக்கு மேலே எப்போதும் ஏழெட்டுப் பருந்துகள் வட்டமிடும். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான். "இதுல எது அக்கா உங்களுது? அடையாளம் தெரியுதா?" என்று சலூன்காரத் தம்பி ஒரு நாள் கேட்டான். அவள் மைக்கைப் போட்டாள்.

"துறைமுகம் செல்லும் வண்டி ஐந்தாம் நடைமேடையில்."

மற்றவை காதில் வாங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒன்று மட்டும் சட்டென்று வட்டத்தை முறித்து, சிறகை வேகமாக அடித்து, ஆற்றுப் பக்கம் விலகிப் போனது. அதைத் தம்பிக்கு விரலால் காட்டினாள். பிறகு மைக்கின் பக்கம் இன்னும் நெருங்கி, குரலை உயர்த்தி, அதே அறிவிப்பை மறுபடியும் சொன்னாள்.